மாறியில் தப்பான மதிப்பு வருகிறதா? அறிகுறியை வைத்தே பிழையைப் பிடிக்கலாம்

நிரல் ஓடுகிறது. சிவப்பு எழுத்தில் எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. ஆனால் விடை மட்டும் தப்பு. நிரலெழுதக் கற்கத் தொடங்கியவர்களை அதிகம் சோர வைப்பது இந்த நிலைதான். எங்கே தேடுவது என்றே தெரியாது. என்னிடம் படிக்க வருகிறவர்களின் நிரலில் இப்படி நடந்தால், நான் முதலில் பார்ப்பது = குறி இருக்கும் வரிகளைத்தான். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

கீழே உள்ள எடுத்துக்காட்டுகள் எல்லாம் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதியவை. மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 முதலே இதற்கு இடமுண்டு. பைத்தானைத் திறந்தால் >>> என்று ஒரு குறி காத்திருக்கும். அங்கே மாறியின் பெயரை மட்டும் அடித்து என்டர் தட்டினால் அதன் மதிப்பு தெரியும். ஒவ்வொன்றையும் நீங்களே அடித்துப் பாருங்கள். இன்புட், இன்ட், ஃபார் போன்ற பைத்தானின் சொந்தச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

"விலையை மாற்றினேன், மொத்தம் மாறவே இல்லை"

```
>>> விலை = 40
>>> எண்ணிக்கை = 3
>>> மொத்தம் = விலை * எண்ணிக்கை
>>> விலை = 50
>>> மொத்தம்
120
```

150 வரும் என்று எதிர்பார்த்தீர்களா? எக்செல் பழகியவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள். எக்செல் கட்டத்தில் ஒரு சூத்திரம் எழுதிவிட்டால் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். விலை மாறினால் மொத்தமும் தானே மாறும். பைத்தானில் அப்படி இல்லை. மூன்றாவது வரி ஓடும்போது அந்த நேரத்தில் விலை என்னவோ அதை எடுத்துப் பெருக்கி, கிடைத்த 120-க்கு "மொத்தம்" என்று பெயர் வைத்தாகிவிட்டது. அந்த 120 எங்கிருந்து வந்தது என்பது அதற்குப் பிறகு பைத்தானுக்கு நினைவில் இல்லை.

தீர்வு எளிது. விலை மாறிய பிறகு மொத்தத்தைக் கணக்கிடும் வரியைத் திரும்ப ஓட்ட வேண்டும். அடிக்கடி மாறுமென்றால் அந்த வரியை ஒரு செயற்கூறுக்குள் (பெயர் சொல்லி அழைத்தால் ஓடும் வரிகளின் தொகுப்புக்குள்) வைத்து, தேவைப்படும்போதெல்லாம் அழைத்துக்கொள்ளலாம்.

= குறி செய்யும் இந்த வேலையைப் பள்ளிப் பாடநூல் "மதிப்பிருத்தல்" என்கிறது. எனக்கு "பெயர் வைத்தல்" என்று சொல்லத்தான் பிடிக்கும். = குறி உள்ள வரியை வலப்பக்கத்திலிருந்து இப்படிப் படியுங்கள்: "40-க்கு விலை என்று பெயர் வை." "விலை மூன்று மடங்கு என்னவோ அதைக் கணக்கிட்டு, அதற்கு மொத்தம் என்று பெயர் வை." பெயர் வைப்பது ஒரு செயல். அந்த வரி ஓடும்போது ஒரு தடவை நடக்கும், முடிந்துவிடும். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டே தீர்த்துவிடலாம்.

"எண் = எண் + 1 என்பது எப்படிச் சரியாகும்?"

இது பிழை இல்லை. ஆனால் இந்த இடத்தில் மனசு முரண்டு பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும். கணக்கு வகுப்பில் இப்படி ஒரு சமன்பாட்டை எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

குழப்பத்துக்குக் காரணம் நீங்கள் இல்லை, அந்தக் குறிதான். ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் 1557-இல் = குறியை அச்சில் கொண்டுவந்தது "இரண்டும் சமம்" என்று காட்டத்தான். நானூறு ஆண்டு கழித்து, 1957-இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழி அதே குறியை "பெயர் வை" என்ற வேலைக்கு எடுத்துக்கொண்டது. இது குழப்பும் என்று தெரிந்துதான் அல்கால் 60 மொழியை வடிவமைத்தவர்கள் := என்று எழுதினார்கள். பாஸ்கலும் அதையே பின்பற்றியது. புள்ளியியல்காரர்கள் புழங்கும் ஆர் மொழியில் இன்றும் <- என்று அம்புக்குறியே போடலாம். சி மொழி = குறியை வைத்துக்கொண்டது. அதன் வழியில் வந்த சி++, ஜாவா, பைத்தான் எல்லாவற்றிலும் அதுவே நிலைத்துவிட்டது. என்னைக் கேட்டால் அம்புக்குறிதான் நல்ல குறி. தாளில் எழுதிப் பழகும்போது எண் ← எண் + 1 என்றே எழுதிக்கொள்ளுங்கள், தப்பில்லை.

இப்போது வலப்பக்கத்திலிருந்து படியுங்கள். எண் இப்போது 7 என்றால், 7 + 1 கணக்கிட்டு வரும் 8-க்கு "எண்" என்று பெயர் வை. அந்தப் பெயர் 7-ஐ விட்டு 8-க்குப் போய்விட்டது. அவ்வளவுதான்.

சிவப்பில் "கேனாட் அசைன் டு" என்று தொடங்கும் செய்தி வருகிறது

இடப்பக்கமும் வலப்பக்கமும் இடம் மாறியிருக்கும்.

```
>>> விலை * எண்ணிக்கை = மொத்தம்
```

இடப்பக்கத்தில் பெயர் இருக்க வேண்டும், கணக்கு இருக்கக் கூடாது. மொத்தம் இடப்பக்கம் வரும்படி திருப்பி எழுதினால் சரியாகிவிடும்.

ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. புதிய பைத்தான் பதிப்புகள் இந்தப் பிழைச் செய்தியோடு, "= என்பதற்குப் பதில் == என்று எழுத நினைத்தீர்களோ?" என்ற பொருளில் ஓர் ஆலோசனையையும் சேர்த்துச் சொல்கின்றன. நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். தொடக்கக்காரர் அதை நம்பி == போடுவார். சிவப்பு எழுத்து மறைந்துவிடும். நிரல் ஓடும். ஆனால் மொத்தம் மாறியே இருக்காது. ஏனென்றால் == என்பது "இரண்டும் சமமா?" என்று கேட்கும் கேள்வி. அது ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லும். எதற்கும் பெயர் வைக்காது. நிரல் கோப்புக்குள் தனி வரியாக இருந்தால் அந்த விடை திரையில்கூட வராது, காற்றோடு போய்விடும்.

ஆகவே "மதிப்பு வைத்தேன், ஆனால் வைத்த மாதிரியே தெரியவில்லை" என்றால் அந்த வரியில் இரண்டு = இருக்கிறதா என்று பாருங்கள். இதைத் திருப்பிப் போட்ட பிழை சி, சி++ மொழிகளில் வரும். இஃப் நிபந்தனைக்குள் == போட வேண்டிய இடத்தில் ஒரே ஒரு = போட்டாலும் நிரல் ஓடிவிடும். அங்கே சத்தமில்லாமல் மதிப்பு மாறிப்போகும். பைத்தானில் அப்படி எழுதினால் ஓடாது, உடனே பிழை காட்டும். பதினோராம் வகுப்பில் சி++ படித்துவிட்டுப் பன்னிரண்டில் பைத்தானுக்கு வருகிறவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

"இரண்டையும் இடம் மாற்றினேன், இரண்டிலும் ஒரே மதிப்பு"

```
>>> காபி = 10
>>> டீ = 20
>>> காபி = டீ
>>> டீ = காபி
>>> காபி
20
>>> டீ
20
```

மூன்றாவது வரியிலேயே 10 கைவிட்டுப் போய்விட்டது. 20-க்கு இப்போது இரண்டு பெயர். நான்காவது வரி 20-க்கு "டீ" என்று மறுபடியும் பெயர் வைக்கிறது, வேறொன்றும் நடக்கவில்லை. 10-ஐப் பிடித்துவைக்க மூன்றாவதாக ஒரு பெயர் வேண்டும்.

```
>>> தற்காலிகம் = காபி
>>> காபி = டீ
>>> டீ = தற்காலிகம்
```

பைத்தானில் இதை ஒரே வரியில் காபி, டீ = டீ, காபி என்றும் எழுதலாம். வலப்பக்கம் முழுவதையும் முதலில் கணக்கிட்டு எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பெயர்களை வைக்கும். அதனால் எதுவும் தொலையாது.

காபி = டீ என்ற அந்த வரியைப் பற்றி ஒரு செய்தி. இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் சயீத் தெஹ்நாதியும் ரிச்சர்ட் போர்னட்டும் புதிய மாணவர்களிடம் இதே மாதிரி ஒரு கேள்வியைக் கொடுத்தார்கள்: ஒன்று 10, இன்னொன்று 20, முதலாவதில் இரண்டாவதை வை, இப்போது இரண்டும் என்ன? சிலர் இரண்டும் 20 என்றார்கள். சிலர் மதிப்பு அங்கிருந்து இங்கே நகர்ந்துவிட்டதால் இரண்டாவது காலி என்று நினைத்தார்கள். சிலர் இரண்டையும் கூட்டினார்கள், சிலர் இடம் மாற்றினார்கள். இந்தத் தேர்வை வைத்து யாருக்கு நிரலெழுத வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என 2006-இல் எழுதினார்கள். அந்தக் கூற்றை 2014-இல் போர்னட்டே வெளிப்படையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எனக்கு அதில் மிகவும் பயன்பட்டது அந்தத் தவறான விடைகளின் பட்டியல்தான். "இரண்டாவது காலி" என்று சொல்கிறவர் மாறியை ஒரு பாத்திரமாக நினைக்கிறார். காபியை டம்ளரிலிருந்து டம்ளருக்கு ஊற்றினால் முதல் டம்ளர் காலியாகத்தானே செய்யும்? "மாறி என்பது ஒரு பெட்டி" என்று சொல்லிக்கொடுப்பதை நான் நிறுத்தியதற்கு இதுவே காரணம்.

"மதிப்பை ஏற்றினேன், பழைய மதிப்பே இருக்கிறது"

எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

```
>>> மொத்தம் = 100
>>> மொத்தம = மொத்தம் + 50
>>> மொத்தம்
100
```

இரண்டாவது வரியின் இடப்பக்கத்தில் கடைசிப் புள்ளி விட்டுப்போயிருக்கிறது. திரையில் எழுத்து சிறியதாக இருந்தால் கண்ணுக்கே தெரியாது. பைத்தானைப் பொறுத்தவரை நீங்கள் புதிதாக இன்னொரு பெயர் வைக்கிறீர்கள், அவ்வளவுதான். அது குறுக்கே வராது. சி++ என்றால் மாறியை முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும், அதனால் அங்கே பிடிபட்டுவிடும். ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்களுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டில் இதே கதை நடக்கும்.

எழுத்துப்பிழை வலப்பக்கத்தில் இருந்தால் உங்களுக்கு யோகம். அப்படி ஒரு பெயரே கிடையாது என்று நேம்எரர் வந்து நிற்கும். பைத்தான் 3.10 முதல், அதைப் போலவே வேறொரு பெயர் இருந்தால் "இதையா சொன்னீர்கள்?" என்றும் கேட்கும். எழுத்துப்பிழை இல்லாமலே நேம்எரர் வந்தால் பெயர் வைக்கும் வரி கீழேயும், பயன்படுத்தும் வரி மேலேயும் இருக்கும். வரிகள் மேலிருந்து கீழாகத்தான் ஓடும்.

தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு இன்னும் ஒன்று. "மொ" என்ற எழுத்தின் குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியாக அனுப்பும், சில கொம்பையும் காலையும் தனித்தனியாக அனுப்பும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மாறிப் பெயர்களில் பைத்தான் இவற்றைச் சேர்த்து ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், கவலை வேண்டாம். ஆனால் மேற்கோள் குறிக்குள் இருக்கும் சரங்களில் அப்படிச் சேர்க்காது. இரண்டு சொற்களும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் == "இல்லை" என்று சொன்னால் இதைச் சந்தேகியுங்கள்.

15-ஐ இரண்டால் பெருக்கினால் 1515 வருகிறது

```
>>> வயது = '15'
>>> வயது * 2
'1515'
```

மேற்கோள் குறி இருக்கிறதே, அது எண் இல்லை, எழுத்துகள். பயனரிடமிருந்து இன்புட் வழியாக வாங்குவது எப்போதுமே எழுத்துகளாகத்தான் வரும், அவர் எண்ணையே தட்டியிருந்தாலும். இன்ட் கொண்டு எண்ணாக மாற்றி, மாற்றியதற்குப் பெயர் வைக்க வேண்டும். மாற்றிவிட்டுப் பெயர் வைக்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. அப்போது பழைய எழுத்தே அப்படியே இருக்கும்.

பிரின்ட் போட்டுப் பார்த்தால் மேற்கோள் குறி தெரியாது, இரண்டும் 15 என்றே காட்டும். >>> எதிரே பெயரை மட்டும் அடித்தால்தான் குட்டு வெளிப்படும். 9, 15-ஐவிடப் பெரியது என்று நிரல் சொன்னாலும் இதுதான் காரணம். எழுத்து வரிசையில் 9 என்பது, 15-இன் முதல் எழுத்தான 1-க்குப் பிறகு வருகிறது.

"ஒரு பட்டியலைத்தான் தொட்டேன், இன்னொன்றும் மாறிவிட்டது"

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். அனுபவமுள்ளவர்களும் தடுக்கி விழுகிற இடம் இது.

```
>>> வீடு = ['அரிசி', 'பருப்பு']
>>> கடை = வீடு
>>> கடை += ['எண்ணெய்']
>>> வீடு
['அரிசி', 'பருப்பு', 'எண்ணெய்']
```

"கடை = வீடு" என்ற வரி பட்டியலை நகல் எடுக்கவில்லை. இருக்கிற ஒரே பட்டியலுக்கு இன்னொரு பெயர் வைத்தது. நம் வீடுகளில் ஒரு பிள்ளைக்குக் கூப்பிடுகிற பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று இருப்பதில்லையா? வீட்டில் குட்டி, பள்ளியில் செந்தில். வீட்டில் குட்டிக்கு மொட்டை போட்டால், மறுநாள் பள்ளியில் செந்திலும் மொட்டைத் தலையோடுதான் வருவான். பிள்ளை ஒன்று, பெயர் இரண்டு.

அப்படியானால் எண்களில் ஏன் இந்தத் தொல்லை இல்லை? எண்ணை உள்ளே புகுந்து மாற்ற முடியாது. 7-ஐ 8 ஆக்க முடியாது, பெயரை 8-க்குக் கொண்டுபோகத்தான் முடியும். பட்டியலை உள்ளேயே மாற்றலாம். வேறுபாடு அதுதான். இதை நேரில் பார்க்க, மேலே உள்ள மூன்றாவது வரிக்குப் பதிலாக இதைப் போடுங்கள்:

```
>>> கடை = கடை + ['எண்ணெய்']
>>> வீடு
['அரிசி', 'பருப்பு']
```

இந்த முறை கூட்டல் புதிதாக ஒரு பட்டியலை உண்டாக்கியது, "கடை" என்ற பெயர் அதற்குப் போனது. வீடு தப்பித்தது. += போட்டால் இருக்கிற பட்டியலிலேயே சேர்க்கும். எண்களில் இரண்டும் ஒரே விடையைத் தருவதால், பட்டியலிலும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

நகல் வேண்டுமென்றால் கடை = வீடு[:] என்று எழுதுங்கள். பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் இதுவும் போதாது. வெளிப்பட்டியல் மட்டும்தான் நகலாகும், உள்ளே இருப்பவை இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும். காலை = மாலை = [] என்று ஒரே வரியில் எழுதுவதும் ஒரே காலிப் பட்டியலுக்கு இரண்டு பெயர் வைப்பதுதான்.

இதே கோளாறு கட்டங்களில் வேறு முகத்தோடு வரும்:

```
>>> கட்டம் = [[0] * 3] * 3
>>> கட்டம்[0][0] = 7
>>> கட்டம்
[[7, 0, 0], [7, 0, 0], [7, 0, 0]]
```

ஒரே ஒரு இடத்தில்தான் 7 வைத்தோம், மூன்று வரிசையிலும் வந்துவிட்டது. மூன்று வரிசை இருப்பதாகத் தெரிகிறதே தவிர, இருப்பது ஒரே வரிசைதான், மூன்று தடவை சுட்டப்படுகிறது. [[0] * 3, [0] * 3, [0] * 3] என்று தனித்தனியாக உண்டாக்கினால் சரியாகிவிடும். புள்ளி வைத்து ஆடும் ஆட்டத்தை நிரலாக எழுதிய பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இந்த ஒரு வரிக்காக இரண்டு நாள் தன் விதிகளையெல்லாம் திருத்தித் திருத்தி எழுதியிருந்தாள். விதிகள் முதலிலிருந்தே சரியாக இருந்தன.

பட்டியலை வரிசைப்படுத்தினேன், பட்டியலே காணவில்லை

பிரின்ட் போட்டால் "நன்" (ஒன்றுமில்லை) என்கிறதா, பெயரை மட்டும் அடித்தால் எதுவுமே வரவில்லையா? வரிசைப்படுத்தும் சார்ட், கடைசியில் சேர்க்கும் அப்பெண்ட் இரண்டும் பட்டியலை உள்ளேயே மாற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பும். அந்த வெறுங்கைக்கு உங்கள் பட்டியலின் பெயரை வைத்துவிட்டீர்கள். வரியின் முன்னால் இருக்கும் பெயரையும் = குறியையும் எடுத்துவிடுங்கள்.

கூட்டுத்தொகை எப்போதும் கடைசி எண்ணாகவே வருகிறது

35, 40, 45 மூன்றையும் கூட்டினால் 120 வர வேண்டும், 45 வருகிறது. மொத்தம் = 0 என்ற வரி ஃபார் சுழற்சிக்கு உள்ளே போயிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்ஜியத்துக்கு "மொத்தம்" என்று பெயர் வைத்துவிட்டுத்தான் கூட்டுகிறது. அந்த வரியைச் சுழற்சிக்கு மேலே, ஃபார் தொடங்கும் அதே ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். 35 மட்டும் வந்தால் நிலைமை வேறு. செயற்கூறின் விடையைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் சுழற்சிக்கு உள்ளே இருக்கும், முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிடும்.

செயற்கூறுக்கு உள்ளே எண்ணிக்கை = எண்ணிக்கை + 1 என்று எழுதி, அன்பவுண்ட்லோக்கல்எரர் வந்தால் காரணம் இது: செயற்கூறுக்குள் எங்கேயாவது ஒரு பெயரை வைத்தால், அந்தச் செயற்கூறு முழுவதும் அது உள்ளூர்ப் பெயராகிவிடும். வெளியே அதே பெயரில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. வலப்பக்கம் கணக்கிடும்போது உள்ளூரில் அந்தப் பெயருக்கு இன்னும் மதிப்பே இல்லை. குளோபல் போட்டால் பிழை போய்விடும், ஆனாலும் நான் அதைச் சொல்வதில்லை. மதிப்பை அடைப்புக்குறிக்குள் உள்ளே அனுப்புங்கள், புதிய மதிப்பை ரிட்டர்ன் வழியாக வாங்கி வெளியே பெயர் வையுங்கள்.

எந்த அறிகுறியிலும் சேரவில்லை என்றால்

ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி போட்டு, மேலே பெயரை எழுதுங்கள். நிரலை ஒவ்வொரு வரியாகப் படித்து, = வரும்போது இடப்பக்கத்தை விரலால் மூடிக்கொண்டு, வலப்பக்கத்தை மட்டும் முதலில் பாருங்கள். அதில் இருக்கும் பெயர்களுக்குத் தாளில் கடைசியாக எழுதிய மதிப்பை எடுத்துக் கணக்கிடுங்கள். பிறகு இடப்பக்கப் பெயரின் பத்தியில் பழைய மதிப்பை அடித்துவிட்டு, அதன் கீழே புதியதை எழுதுங்கள். பட்டியல் வந்தால் அதைத் தாளின் ஓரத்தில் ஒரே ஒரு தடவை எழுதி, அதன் பெயர்களிலிருந்து அதற்குக் கோடு இழுங்கள். இரண்டு கோடு ஒரே பட்டியலில் வந்து முடிந்தால் அங்கேயே பிழை தெரிந்துவிடும்.

இதையே திரையில் பார்க்க பிலிப் குவோ உருவாக்கிய பைத்தான் டியூட்டர் இருக்கிறது. நிரலை ஒட்டினால் வரிவரியாக ஓட்டி, பெயரிலிருந்து மதிப்புக்கு அம்புக்குறி போட்டுக் காட்டும். மேலே உள்ள கட்டம் எடுத்துக்காட்டை அதில் போட்டு ஓட்டுங்கள். மூன்று அம்புகளும் ஒரே வரிசையில் போய் முட்டும். ஆனால் முதல் நாலைந்து பிழைகளையாவது தாளிலேயே பிடியுங்கள். எந்த வரியில் உங்கள் தாளும் கணினியும் வேறு வேறு மதிப்பைச் சொல்கின்றனவோ, அந்த வரியைத் திருத்தினால் போதும்.